விதிவிலக்குக்கு உட்பட்ட சாக்கடை

பாட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருப்பார். அவரைக் கேட்காமல் அதை ஊர் கூட்டி வாசிக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமலே பெங்களூரு ஈஜிபுரா தாஸ் இருபது வருஷமாக ஆர்கெஸ்ட்ரா நடத்தி ஆறு குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். என்ன துணிச்சல் பாருங்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாஸ் தெருவிலிருந்த விழா ஹாலில், அதே தெரு மலர் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கத்தி கேக்கில் இறங்கும் நேரத்தில், பாட்டுரிமை வசூல் மன்றத்தின் கள ஆய்வாளர் சுந்தரேசன் ஹாலுக்குள் வந்து தாஸின் கீபோர்டு மேல் கையை வைத்தார்.

“லைசென்ஸ்?”

தாஸ் முழித்தார். “நேத்து கல்யாணத்துல இதே பாட்டுதான் சார் வாசிச்சோம். யாரும் கேக்கலையே?”

“திருமணம் விதிவிலக்கு. சட்டமே அனுமதிக்கிறது.”

“கோயில் திருவிழா, சர்ச் ஃபீஸ்ட்டு?”

“மதச் சடங்கு. விதிவிலக்கு.”

“பொறந்தநாளு?”

“மேற்படி பட்டியலில் இல்லை.”

“பொறக்காம எப்படி சார் கல்யாணம் பண்ணிக்கிறது?”

“அது மன்றத்தின் வரம்புக்குள் வராது.”

லைசென்ஸ் கட்டணமோ தாஸ் ஒரு நாள் வாங்கும் கூலியைவிட அதிகம். அந்த மாதமே நாலு பிறந்தநாளும் ஒரு ஜிம் திறப்பும் கைவிட்டுப் போயின. டிரம்ஸ் வாசிக்கும் ஆண்டனி, “அண்ணா, நான் டெலிவரி வேலைக்குப் போயிடறேன்” என்றான். தாஸ் சுந்தரேசனையே தேடிப் போனார். “வேற எதுக்குத்தான் சார் வாசிக்கலாம்?”

சுந்தரேசன் நேர்மையானவர். பட்டியலைக் கடைசி வரை படித்துக் காட்டினார். “அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அதிகாரபூர்வ விழா.”

தாஸ் வார்டு ஆபீசுக்கு ஓடினார். அங்கே கோவிந்தப்பா என்ற உதவியாளர், பதினெட்டு வருஷமாகத் தலைமை தாங்க ஒரு விழாகூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் சுவாமி, இது ஒரு கஷ்டமா? வேலை தொடங்குமுன்னே குத்தலி பூஜை பண்றோமில்ல, மண்வெட்டிக்குப் பொட்டு வெச்சு ஒரு கொத்து கொத்துறது? அது அதிகாரபூர்வ விழாதான். உங்க தெருவில என்ன கெட்டுப் போயிருக்கு?”

“ஹால் வாசல்ல சாக்கடை மூணு வருஷமா தொறந்து கெடக்கு சார்.”

“ரொம்ப சந்தோஷம்!” என்றார் கோவிந்தப்பா, மனசார.

அடுத்த ஞாயிறு விழாவுக்கு அடித்த அழைப்பிதழ் இப்படி இருந்தது: ‘உள்ளாட்சி அமைப்பு நடத்தும் சாக்கடைச் சீரமைப்புப் பணித் தொடக்க விழா. விழாவின் இடையே எதிர்வீட்டுக் குழந்தை சாய்கிருஷ்ணாவுக்கு இரண்டு வயது நிறைவடையும்.’ கோவிந்தப்பா ஒரு கொத்து கொத்தினார். ஆண்டனி டிரம்ஸில் வெளுத்து வாங்கினான். சுந்தரேசன் அழைப்பிதழை மூன்று முறை படித்தார், பிரியாணி சாப்பிட்டார், போய்விட்டார்.

அப்புறம் தாஸைப் பிடிக்க முடியவில்லை. கோரமங்கலா அபார்ட்மெண்ட்காரர்கள்கூடக் காரில் வந்து விசாரித்தார்கள். பாவம், அவர்கள் பக்கம் எல்லாச் சாக்கடையும் மூடிக் கிடந்தது. ஹால் ஓனர் சஞ்சய் புது போர்டு மாட்டினார்: ‘ஏசி, பார்க்கிங், திறந்த சாக்கடை வசதி உண்டு.’

ஒரே வருஷத்தில் அறுபத்தொரு குத்தலி பூஜை. வினை அங்கேதான் வந்தது. ஒரே சாக்கடைக்கு அறுபத்தொரு தொடக்க விழா என்றால் மக்கள் எவ்வளவு தவிக்கிறார்களோ என்று தலைமை அலுவலகம் மனமிரங்கி, நிஜமாகவே பணம் ஒதுக்கிவிட்டது. திங்கட்கிழமை காலை ஜேசிபி வந்து நின்றது.

தாஸ் அதன் முன்னால் படுத்துவிட்டார். பின்னாலேயே ஆண்டனி, மலர், சஞ்சய், தெருவே திரண்டது. இளம் இன்ஜினியர் ரக்ஷிதா ஓடி வந்தாள்.

“ஏன் சார் மறிக்கிறீங்க? இத்தனை பூஜை போட்டது நீங்கதானே?”

“பூஜை போட்டோம் மேடம். வேலை செய்யச் சொல்லி யாராவது கேட்டோமா?”

“கொசு பிடுங்குது, நாத்தம் தாங்கல. உங்க பொண்ணுக்கே போன மாசம் டெங்கு வந்துச்சாமே?”

“வந்துச்சு மேடம்” என்றார் தாஸ், கண்கலங்கி. “ஆஸ்பத்திரி பில்லு கட்டினதே இந்தச் சாக்கடைதான்.”

இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? கூட்டத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கைதட்டத்தான் நினைத்தார்கள், முடியவில்லை. எல்லோருக்கும் ஒரு கை மூக்கில் இருந்தது.