டிரான்ஸ்பர் மாமா பேரம் பேசிய நாள்

மயிலாப்பூரில் மனிதர்களைக் கால்களை வைத்தே அடையாளம் தெரிந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் டிரான்ஸ்பர் மாமாதான். கபாலி கோயில் தேருக்கு ஊரே திரண்டு நின்றாலும் அவர் பார்வை யாருடைய முழங்காலுக்கும் மேலே ஏறாது. "அந்த மூணாவது ஆளைப் பார்த்தியோ? என்ன கெண்டைக்கால்டா அது! வடம் இழுத்து வீணடிச்சிண்டிருக்கானே!" என்று அங்கலாய்ப்பார். சுவாமியைப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கச்சேரி ரோட்டில் இருந்த எங்கள் டானிக் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவர் ஹெட் கிளார்க். கம்பெனியின் கால்பந்து டீமுக்குச் செக்ரட்டரியும் அவரே. யுத்தம் முடிந்த புதிது. பந்து உதைப்பதற்குச் சம்பளம் வாங்குவது கேவலம் என்று நினைத்த காலம் அது. லீக்கிலும் அதற்கு இடமில்லை. கம்பெனி டீமில் ஆட வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் ஏதாவது வேலை பார்த்தாக வேண்டும். ஆகவே நல்ல ஆட்டக்காரன் வேண்டும் என்றால் அவனுக்கு ஒரு வேலை கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். இந்த இழுபறியில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

நான் வேலைக்குப் போன கதையைக் கேளுங்கள். சர்ட்டிபிகேட்டுகளை நீட்டினேன். மாமா அவற்றைக் கையால்கூடத் தொடவில்லை.

"எழுந்திருடா."

எழுந்தேன்.

"ஜன்னல் வரைக்கும் நட. திரும்பி வா."

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பிறவியிலேயே கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். நடுவே ஒரு பூசணிக்காயை உருட்டி விடலாம். மாமா பரவசமாகிவிட்டார். "லெஃப்ட் அவுட்டுக்குன்னே பகவான் வளைச்சு அனுப்பியிருக்கான்! நாளைக்கே வந்துடு!"

முதல் சனிக்கிழமை மைதானத்தில் குட்டு வெளிப்பட்டது. பந்து என் கால்களுக்கு நடுவே புகுந்து போய் வெகு நேரம் ஆன பிறகும், அது வரப்போகிற திசையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு தேற்றிக்கொண்டு, "போறது போ. ஆபீஸ் வேலை பார்க்கவும் ஒருத்தன் வேணுமோல்லியோ?" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்பது திங்கட்கிழமை தெரிந்தது. அந்த ஆபீசில் ஆபீஸ் வேலை தெரிந்தவர்கள் மாமாவும் நானும் மட்டுமே. லேபிள் ஒட்டும் மேஜையில் ஃபார்வர்டுகள், பேக்கிங்கில் ஹாஃப் பேக்குகள், கிடங்கு வாசலில் கோல்கீப்பர் என்று மைதானத்தில் நிற்கிற வரிசையிலேயே உட்கார வைத்திருந்தார். ஒரு தடவை இருமல் டானிக் பாட்டில் எல்லாவற்றிலும் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற லேபிளை ஒட்டி, திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளி வந்து கூரை பறக்கக் கத்தினார். மாமா அமைதியாக, "ஒட்டினவன் நேத்திக்கு ரெண்டு கோல் போட்டிருக்கான், கை அசந்திருக்கும்" என்றார். கைக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி யோசிப்பதற்குள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இத்தனைக்கும் மாமா வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. கோட்டோரம் நிற்கும்போது பந்து அவர் பக்கம் பறந்து வந்தால், சட்டென்று குடையை விரித்து அதன் பின்னால் பதுங்கிக்கொள்வார்.

அவர் பிடித்து வந்தவர்களில் ரத்தினம் என்றால் காசிம்தான். சிந்தாதிரிப்பேட்டையில் அப்பாவோடு புத்தகம் பைண்டு செய்கிற பையன். கூவம் கரையில் கிழிந்த பந்து ஒன்றை வெறுங்காலால் அவன் உதைத்ததை மாமா தற்செயலாகப் பார்த்திருக்கிறார். பார்த்தவுடன் கடைக்கே போய்விட்டார்.

"தம்பி, நோக்கு லேபிள் ஒட்டத் தெரியுமோ?"

"இன்னா நைனா இப்டி கேக்குற? பசை தடவுறதுதானே நம்ம தொயிலே!"

மாமாவின் கண் கலங்கிவிட்டதாம். ஆட்டமும் தெரிந்து, வேலையும் தெரிந்த ஒருவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

காசிம் வந்த பிறகு எங்கள் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. லேபிள்களும் நேராக நின்றன. மாமா தன் டிபன் டப்பாவில் பாதியை அவன் பக்கம் தள்ளுவார். "நன்னா சாப்பிடு. உன் காலுக்குத்தான் போடறேன், உனக்கில்லே" என்பார்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் காசிம் தலையைச் சொறிந்துகொண்டு மாமா மேஜை முன் வந்து நின்றான்.

"மாமா, தி. நகர் பிஸ்கட் கம்பெனிக்காரங்க கூப்ட்டுக்கினே கீறாங்க. நாப்பத்தஞ்சு ரூபா தரேன்றாங்க."

எங்கள் கம்பெனியில் அவனுக்கு முப்பது. மாமா நேராக முதலாளி அறைக்குப் போனார். உள்ளே போனபோது இருந்த உயரம் வெளியே வரும்போது இல்லை. "லேபிள் ஒட்டறவனுக்கு முப்பதே ஜாஸ்தியாம். பந்து உருண்டையாத்தானே இருக்கு, யார் வேணா உதைக்கலாமேங்கறார்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயால் திருப்பிச் சொல்லவே கூசினார்.

மறுநாள் நாங்கள் ஆபீசுக்குப் போனபோது, ஹெட் கிளார்க் நாற்காலியில் காசிம் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா பாட்டில் அடுக்கும் மரப்பெட்டியின் மேல் சம்மணம் போட்டிருந்தார். "இன்னையிலேர்ந்து இவன் அசிஸ்டன்ட் ஹெட் கிளார்க். எல்லாரும் எழுந்து குட்மார்னிங் சொல்லுங்கோ" என்று உத்தரவு போட்டார். சொன்னோம்.

சாயங்காலம் வரை பொறுத்த காசிம், நாற்காலியிலிருந்து இறங்கி மாமா பக்கத்தில் பெட்டியில் வந்து உட்கார்ந்தான். "நாக்காலி சோக்காத்தான் கீது மாமா. ஆனா ஊட்ல தங்கச்சி நிக்காஹ் வருது. நாக்காலிய துண்ண முடியுமா, சொல்லு?"

மாமா எழுந்து குடையை எடுத்தார். "கெளம்பு. நீயும் வாடா" என்று என்னையும் கூப்பிட்டார். பிஸ்கட் கம்பெனியில் ரகளைதான் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்தது அந்தக் கம்பெனி. கோட்டுப் போட்ட மானேஜர் எங்களைப் பார்த்ததுமே வாட்ச்மேனைக் கூப்பிட்டு அறை வாசலில் நிற்க வைத்துக்கொண்டார். மாமா நிதானமாக எதிரே உட்கார்ந்தார்.

"பையனுக்கு நாப்பத்தஞ்சு ரூபான்னேளாமே. எந்தக் காலுக்கு?"

"என்ன சார்?"

"இடது காலுக்கா, வலது காலுக்கா?"

"ரெண்டுக்கும் சேர்த்துத்தான்."

"நன்னாயிருக்கே! ரெண்டு காலாலயும் கோல் போடறவனை ஒரு கால் விலைக்குக் கேக்கறேளே?"

மானேஜர் திகைத்துப் போனார். காசிம் அதைவிட. "போதும் மாமா, நாப்பத்தஞ்சே ரொம்ப ஜாஸ்தி" என்று மாமாவின் காதைக் கடித்தான். மாமா மேஜைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தார். மிதித்த அடுத்த நிமிஷமே பதறிப்போய்க் குனிந்து, "வலிக்கலையேடா கண்ணா?" என்று தடவிக் கொடுத்தார்.

ஐம்பது, ஐம்பத்தைந்து என்று ஏறிக்கொண்டே போயிற்று. அறுபதில் மானேஜர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மாமா விடவில்லை.

"ஆட்டம் இல்லாத மாசத்துக்கு?"

"அதுக்கும் சம்பளம் உண்டு சார்."

"கால்ல அடிபட்டுதுன்னா?"

மானேஜர் கோட்டுப் பொத்தானைத் திருக ஆரம்பித்தார். மாமாவின் குரல் அதுவரை நான் கேட்டிராத ஒரு மாதிரி தணிந்தது. "லீக்காராகிட்ட என்ன சொல்லி இவனைச் சேர்த்துப்பேள்? பிஸ்கட் அடுக்க வந்தவன்னுதானே? அப்படின்னா கால் போனாலும் கை இருக்கோன்னோ? உக்காந்துண்டு அடுக்கட்டும். காலைக் காரணம் காட்டி இவனை வெளியே அனுப்பப்படாது. ஒத்துண்டேள்னா பையன் உங்களுக்கு."

மானேஜர் நாற்காலியில் சாய்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது சரி ஓய், நீர் எந்தக் கம்பெனி ஆள்?"

"டானிக் கம்பெனிதான். அதுக்காக என் பையன் கொறைஞ்ச விலைக்குப் போனா என் மானம் என்ன ஆறது?"

மானேஜர் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். மாமா எழுந்திருக்கும்போது, வாரம் ஒரு பொட்டலம் உடைந்த பிஸ்கட்டையும் அவன் வீட்டுக்கு என்று கறந்துகொண்டுதான் எழுந்தார்.

காசிமை அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பனகல் பார்க்கில் உட்கார்ந்தோம். "இனிமே சென்டர் ஃபார்வர்டுக்கு எங்கேடா போவேன்?" என்றார். அவர் பார்வை மெல்ல என் வளைந்த கால்கள் மீது இறங்கிற்று. ஒரு கணம் நம்பிக்கையோடு பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "வா, போகலாம்" என்றார்.

அந்த வருஷமே லீக்கில் டானிக்கும் பிஸ்கட்டும் மோதின. மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்துப் போட்ட மைதானம். முதலாளி காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மாமா. வெகு நேரம் யாருக்கும் கோல் விழவில்லை. ஆட்டம் முடிகிற சமயத்தில் காசிமிடம் பந்து மாட்டியது. எங்கள் ஃபுல் பேக் இரண்டு பேரையும் சேற்றில் உட்கார வைத்துவிட்டு, இடது காலால் அடித்தான் பாருங்கள், எங்கள் கோல்கீப்பர் அதை வேடிக்கைதான் பார்த்தான்.

எங்கள் பக்கம் முழுக்க மயான அமைதி. அதில் ஒரே ஒரு குரல்: "அடிச்சான்டா என் பையன்! அடிச்சான்டா!"

மாமா பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "யாருக்கய்யா கத்தறீர்?"

மாமா கீழே இறங்கி, அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, "வாய் தவறிடுத்து சார்" என்றார்.

"வாய் மட்டுமா தவறிச்சு? ஆளே எம்பிக் குதிச்சீரே!" என்று இரைந்துவிட்டு முதலாளி காரேறிப் போய்விட்டார். மறுநாளே மாமாவின் செக்ரட்டரி பதவி போயிற்று. அந்தப் பதினோரு பேரையும் கட்டி மேய்க்க வேறு யாரும் முன்வராததால், ஒரு மாதம் கழித்து முதலாளியே அவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது வேறு விஷயம்.

ஆட்டம் முடிந்த அன்று மாமா ரோட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். சேறும் வேர்வையுமாகக் காசிம் ஓடி வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, என் மேல கோவமா?"

"கோவம்தான்."

காசிமின் முகம் விழுந்துவிட்டது.

"பின்னே? ரெண்டாவது பாதி ஆரம்பத்துல கோல் வாயிலேயே நின்னுண்டு ஒண்ணைக் கோட்டை விட்டியே! அதையும் போட்டிருக்க வேண்டாமோ?"

காசிம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மாமாவின் சலவை வேஷ்டியெல்லாம் சேறு. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

அன்றைக்கு எங்கள் டீம் தோற்றது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஆட்டங்கள் ஜெயித்திருக்கிறோம். அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு நடந்து போனது அந்த ஒரு நாள்தான்.