பெயில் ஆகத் தெரியாதவன் இடக்கையால் எழுதியது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்களுக்கும் வீட்டில் தங்கச்சிக்கும் அத்தானின் வணக்கமும் ஆசியும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆவல் உண்மை. நலம் என்று எழுதினால் இந்தக் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தொரு வருடம் ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போட்ட என் வலது கை மாவுக்கட்டில் கிடக்கிறது. இது இடக்கையின் உபயம். என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை இப்படி எழுதியிருந்தால், விடையைப் பார்க்காமலேயே சிவப்பு மையில் பெயில் போட்டிருப்பேன். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறீர்கள், ஏதாவது ஒரு லென்ஸ் வழியாகப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. தங்கள் வீட்டில் இருக்கும் என் மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். பேங்க் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடத்திக்கொண்டிருந்த ஸ்கேட்போர்டு வகுப்பை முழு நேரமும் நடத்தப்போகிறேன் என்று அவள் வந்து நின்ற அன்று, நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். "நீ வாழ்க்கையில பெயில்" என்றேன். மறுநாள் காலையில் பெட்டியோடு உங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். ஒன்பது மாதமாகப் பேச்சில்லை. உங்கள் அக்கா இருந்திருந்தால் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டியிருப்பாள். இப்போது இந்த வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

விபரீதம் வாஷிங் மெஷினில் ஆரம்பித்தது. தண்ணீர் ஒழுகியது. மெக்கானிக், "வாசலுக்கு இழுத்துட்டு வந்து வைங்க சார், வெளிச்சத்துல பாத்துடலாம்" என்று போனில் சொன்னார். தனி ஆள் எப்படி இழுப்பது? மகளின் பழைய ஸ்கேட்போர்டு அவள் கட்டிலுக்கடியில் கிடந்தது. போனவள்தான் உதவவில்லை, அவள் பலகையாவது உதவட்டும் என்று மெஷினை அதன்மேல் ஏற்றினேன். கூடம் வரை ஒழுங்காக வந்தது. வாசலில் ஒரு சரிவு இருப்பது எனக்கு மறந்துபோயிற்று, பலகைக்கு மறக்கவில்லை. மெஷின் என் கையை உதறிக்கொண்டு, குழாய் பின்னால் வாலாட்ட, தெருவைக் கடந்து எதிர்வீட்டு வக்கீலின் கேட்டில் போய் முட்டி நின்றது. அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்து, "என்ன சார், துணி ஏதாவது துவைக்கணுமான்னு கேட்டு அனுப்பிச்சீங்களா?" என்றார்.

மெஷின் போயிற்று. பலகை மட்டும் ஒரு கீறலில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர்: "ஞாயிறு காலை வகுப்பு. விழத் தெரியாதவர்களும் வரலாம்." கீழே அவள் கையெழுத்தில் ஒரு போன் நம்பர். ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வரக்கூடாது என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கோடு அது. நின்றுபோன வகுப்பாக இருக்கும் என்றுதான் கூப்பிட்டேன். அவளிடம் கற்று, இப்போது அவளுக்குப் பதிலாக வகுப்பு எடுக்கும் ஒரு பெண் எடுத்து, வகுப்பு நடக்கிறது, ஹெல்மெட்டும் கவசங்களும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். ஏன் சரி என்றேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிகவும் நீளமாக இருக்கிறது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க ரெகுலரா, கூஃபியா சார்?" என்றார். முன்பின் தெரியாத மனிதர் இந்த வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா? இருந்தாலும் கேட்டதற்கு விடை சொல்வது தொழில் பழக்கம். "தினம் காலையில ஒரு தடவை. பிரச்சினை ஒண்ணுமில்ல" என்றேன். அவர் மோவாயைச் சொறிந்தார். பிறகு பின்பக்கமாக வந்து முதுகில் லேசாகத் தள்ளினார். நான் தடுமாறி வலது காலை முன்னால் வைத்தேன். "கூஃபி" என்று தீர்ப்புச் சொன்னார். பலகையில் இடது காலை முன்னால் வைத்து நிற்பவர் ரெகுலராம். வலது காலை வைப்பவர் கூஃபியாம், அதாவது கோமாளி. என் மகளும் வலது கால்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடமிருந்து அவளுக்குப் போனது அந்த ஏழும் இந்தக் காலும்தான் போலிருக்கிறது.

புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு உட்காரும் ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், அடிப்பாகம் தட்டையான ஷூ எல்லாம் வாங்கினேன். மணிக்கட்டுக்கு என்று தகடு வைத்த ஓர் உறையை எடுத்து நீட்டினார். "புதுசா விழறவங்க கையைத்தான் ஊணுவாங்க சார். முதல்ல இதை வாங்குங்க." எனக்கு விழுகிற உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூடிப்போன ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு. சொல்லித்தருகிற பெண் மற்ற நாட்களில் பல் டாக்டரிடம் உதவியாளர். அதனால் எதைச் சொன்னாலும் "கொஞ்சம்தான் வலிக்கும்" என்ற தொனி. நான் யாருடைய அப்பா என்று அவளிடம் சொல்லவில்லை. முதல் ஞாயிறு முழுக்கப் புல்தரையில், உருளாத பலகைமேல் நின்றேன். போல்ட்டுகளுக்கு மேல் பாதம், முழங்காலில் மடிப்பு, பார்வை போகிற திசையில். இரண்டாவது ஞாயிறு சிமெண்டுத் தரை. முன்கால் பலகையில், பின்காலால் தரையை உந்த வேண்டும். ஆறடி தூரம் போனேன், மைத்துனரே. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள்: "நல்லா நிக்கறீங்க சார். இனி பெயில் ஆகக் கத்துக்கணும்."

"என்னம்மா சொல்ற? நான் ஆயிரம் பேரைப் பெயில் ஆக்கினவன். ஒரு பரீட்சையிலகூட நான் பெயில் ஆனதில்ல."

"அந்தப் பெயில் இல்ல சார், இங்கிலீஷ்ல 'பி'ல ஆரம்பிக்கற பெயில். போர்டு கைமீறிப் போகுதுன்னு தெரிஞ்சா, அதை விட்டுட்டு இறங்கி ரெண்டடி ஓடிடணும். அதுக்குப் பேரு பெயில். பிடிவாதமா மேலயே நின்னா எலும்பு போயிடும். எங்க டீச்சர் இதைத்தான் முதல்ல சொல்லித் தருவாங்க. பெயில் ஆகவே தெரியாத ஒருத்தரோட இருபத்தேழு வருஷம் இருந்தேன், அதனாலதான் இதோட அருமை தெரியும்னு சொல்லுவாங்க."

"யாராம் அது?" என்று கேட்டேன்.

"தெரியல சார். வீட்டுல யாரோ பெரியவரா இருக்கும்."

நான் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு, சரிவு. பாதியிலேயே வேகம் மிஞ்சிவிட்டது. "இறங்குங்க சார், பெயில் ஆகுங்க!" என்று அவள் கத்தினாள். கேட்டது. கால் இறங்க மறுத்துவிட்டது. முப்பத்தொரு வருடம் சொன்னதை மாற்றிக்கொள்ளாத மனிதன் மூன்று வாரத்தில் மாறிவிடுவானா? கீழே காவலாளியின் நாற்காலியில் மோதிக் கையை ஊன்றி விழும் வரை நிமிர்ந்து நின்றபடியே போனேன். நல்லவேளை, அவர் அதில் இல்லை. ஹெல்மெட், முழங்கால், முழங்கை எல்லாம் பாஸ். மணிக்கட்டு மட்டும் பெயில். டாக்டர் ஆறு வாரம் என்கிறார். சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிஷம் ஆகிறது.

இத்தோடு முடிந்தது. பலகையை இன்று காலை பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். பெரிதாக வலியில்லை. தனியாக இருப்பதும் பழகிவிட்டது. யாரும் புறப்பட்டு வர வேண்டாம், முக்கியமாக அவள். நான் எழுதினேன் என்றுகூட அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கடையும் குடும்பமும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பி.கு.: பழைய சாமான்காரர் வந்தது மட்டும் நிஜம். வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பலகை அவள் கட்டிலுக்கடியில், அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வலி இருக்கிறது. பழகவில்லை. அவளிடம் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியதை அடிக்கப் பார்த்தேன், இடக்கையில் கோடு நேராக வரவில்லை. அதனால் அடித்ததாக வைத்துக்கொண்டு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு அந்த வார்த்தையை நான் ஆள் தெரியாமல் போட்டுவிட்டேன். அப்பா கொஞ்சம் தாமதமாகப் பெயில் ஆகிவிட்டார், இறங்கி வந்துவிட்டார் என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்.