பதினெட்டு மாம்பழ மின்சிகரெட்

புத்தாண்டு அன்று காலை வார்விக் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான்.

"இன்னையோட புகைக்கு முழுக்கு, நோரீன். இனிமே வாயில வச்சேன்னா என் படகை உன் தம்பிக்கே குடுத்துடறேன்."

நோரீனின் தம்பி டெஸ்மண்டுக்கு அந்தப் படகின்மேல் ரொம்ப நாளாகக் கண். ஆஸ்திரேலியாவில் எச்சூகா என்ற ஊரின் ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு படகு இல்லாதவன் பாதி மனிதன் என்பது வார்விக்கின் எண்ணம். அப்படிப்பட்டவன் படகையே பணயம் வைத்தால் எந்தப் பெண்டாட்டி நம்பமாட்டாள்? நோரீன் நம்பினாள். நம்பினமாதிரி இருந்தாள்.

ஜூலையில் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. இனி மின்சிகரெட் மருந்துக் கடையில் மட்டும்தான். அதுவும் புதினா, மென்தால், புகையிலை வாசனை மட்டும். அதுவும் மருந்துக் கடைக்காரர் சொல்லும் புத்திமதியை நின்று கேட்ட பிறகு.

"புதினாங்கிறது ஆட்டுக்கறி மேல ஊத்துற சாஸுக்குய்யா!" என்று வார்விக் தனக்குள் குமுறினான். ஏனென்றால் சத்தியம் ஒரு வாரம்தான் தாங்கியிருந்தது. அவன் இழுப்பது மாம்பழ வாசனை. கடைகள் காலியாவதற்குள் பதினெட்டு வாங்கி, படகிலிருந்த தூண்டில் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான்.

மறுநாள் சாப்பிடும்போது நோரீன் சொன்னாள்:

"டெஸ்மண்டுக்கு உன் தூண்டில் பெட்டி வேணுமாம்."

வார்விக் வாயிலிருந்த பட்டாணி தட்டில் வந்து விழுந்தது.

"எதுக்கு?"

"மீன் பிடிக்கத்தான். பின்ன, தலை சீவவா?"

பதினெட்டும் கார் கொட்டகைக்குப் போயின, பழைய பெயின்ட் டப்பாவுக்குள். அடுத்த நாள்:

"வேலிக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு பாக்கறேன். கொட்டகையில பழைய டப்பா கிடக்கும்ல?"

சரக்கு கூரைக்குள் ஏறியது. அதற்கு அடுத்த நாள்:

"மேல போசம் பூந்துடுச்சு போல, வார்விக். பூனை அளவுப் பிராணி தடதடன்னு ஓடற சத்தம். பிடிக்கிற ஆள வரச் சொல்லிட்டேன்."

"போசமா? நான் ஒண்ணும் கேக்கலையே!"

"நீ எப்படிக் கேப்ப? அந்த நேரத்துல நீ எங்கயோ போயிருந்த."

வார்விக் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது முகம். தெரியுமா, தெரியாதா? கேட்டுத் தொலைத்தாலாவது ஒரு பொய் சொல்லலாம். கேட்காத பெண்டாட்டியிடம் என்னத்தைச் சொல்வது? நாய் வாலாட்டினால்கூட அதற்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது.

"நோரீன், என்னப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. ஏன், சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

"சேச்சே!"

குப்பைத் தொட்டியில் போட்டுத் தலைமுழுகலாம் என்று எழுந்தான். நோரீன் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தாள்.

"அய்யய்யோ, இதக் கேளு. யாரோ மின்சிகரெட்ட குப்பையில போட்டு, பேட்டரி வெடிச்சு, குப்பை வண்டியே பத்திக்கிச்சாம். இனிமே தொட்டியத் திறந்து பாப்பாங்களாம்."

வார்விக் உட்கார்ந்துவிட்டான்.

"சனிக்கிழமை காலையில நகரசபைக் கிடங்குல இதுக்குன்னு தனியா பெட்டி வைக்கிறாங்களாம். பேர்கூடக் கேக்க மாட்டாங்களாம். யாருக்கோ உதவும், பாவம்."

"சனிக்கிழமை நீ வீட்ல இருப்பியா?"

"அக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன்."

வார்விக்குக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும்போல் இருந்தது. இந்த அப்பாவியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

சனிக்கிழமை தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனான். மேசைக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட தொண்டர் அம்மா ஒருத்தி குனிந்து பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பையைக் கவிழ்த்தான். பதினெட்டும் உருண்டன. கிடங்கு முழுக்க மாம்பழம் மணத்தது.

"இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனோடதும்மா," என்றான், குரலை மாற்றிக்கொண்டு. "எனக்கு அந்த வாசனையே ஆகாது."

அந்த அம்மா நிமிர்ந்தாள். நோரீன்.

"கூச்சப்படாதீங்க சார்," என்றாள் மரியாதையாக. "இங்க பேர், ஊர் எதுவும் கேக்கறதில்ல. படகுச் சாவிய மட்டும் வச்சிட்டுப் போங்க."