சென்டினல் என்றால்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாட்ச்மேனின் புதுச் சட்டை வந்தது. கூடவே பிரச்சினையும் வந்தது.

சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் 'சென்டினல்' என்று போட்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் அகராதியைப் புரட்டிப் பிடித்த சொல். ஒரு சைக்கிள் திருட்டில் முந்தைய செயலாளரின் பதவி போயிருந்தது. வெறும் 'வாட்ச்மேன்' என்றால் எந்தத் திருடன் பயப்படுவான்?

வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். "சார், முதுகுல என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"காவலாளின்னு சொல்லுங்க."

"அது போன வாரமே தெரியுமேங்கறாங்க."

செயலாளர் இறங்கி வந்து பாடம் எடுத்தார். "இத்தாலிக்காரன் சொல்லு. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. வேருக்கு உணர்றதுன்னு அர்த்தம் சொல்றாங்க. நிச்சயமில்ல. ஆனா எதையும் தப்ப விடாம கவனிக்கிறவன்னு வச்சுக்குங்க."

வாட்ச்மேனுக்குக் கற்பூர புத்தி. பால்காரர், கூரியர்காரர், விருந்தாளி என்று ஒருவர் விடாமல் நிறுத்தி இத்தாலியிலிருந்து தொடங்கினார். வாசலில் கார்கள் வரிசை கட்டின.

"நிச்சயமில்லாததை ஏன் சட்டையில போட்டீங்க?" என்றார் மூன்றாம் மாடி ஆடிட்டர்.

"உங்க கணக்கெல்லாம் நிச்சயமா?" என்று செயலாளர் திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் குடியிருப்பு இத்தாலிக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி என்று இரண்டாகிவிட்டது.

"சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. தீர்ந்தது" என்றாள் மனைவி.

"சட்டையைக் கழட்டினா என் பதவியையும் கழட்டிடுவாங்க."

மாலையில் கீழ்த்தளக் கூடத்துக்கு எல்லாரையும் அழைத்தார். ஒரே கூட்டம், முழு விளக்கம். சாவி தேடியவர்களிடம், "பூட்டெல்லாம் எதுக்கு? கீழதானே, பத்து நிமிஷம்" என்றார்.

வாட்ச்மேன் வாசலைப் பார்த்துத் தயங்கினார்.

"உங்களைப் பத்தித்தான் கூட்டமே. மாப்பிள்ளை இல்லாம கல்யாணமா? முன்னாடி வந்து உக்காருங்க."

பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. பேச்சின் நடுவில் ஆடிட்டரே இரண்டு முறை தலையாட்டினார். "அயராத கண்ணு, அசராத காது. அவன்தான் சென்டினல்" என்று முடித்தபோது கூடம் கைதட்டியது. அடுத்த வருடமும் இவரே இருக்கட்டும் என்று ஒரு குரல் எழுந்தது. செயலாளர் தண்ணீர் குடித்தார்.

எதிர்க் கடைக்காரர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? ரெண்டு லாரியும் இப்பத்தான் கிளம்புச்சு. பாவம் பசங்க, ஃபிரிட்ஜையெல்லாம் இறக்கத் திணறுனாங்க, நானும் ஒரு கை குடுத்தேன். ஏங்க, மொத்தப் பேரும் ஒரே நாள்ல வீடு காலி பண்றீங்களே, அப்படி எங்கதான் போறீங்க?"