‘யாருக்குங்க’வும் பஸ் ஷெல்டரும்

ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு முழு செமஸ்டரை நாசம் பண்ணிய மனிதர் கோயம்புத்தூரில் ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். கந்தசாமியோ ரங்கசாமியோ, வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் ‘யாருக்குங்க’.

நாங்கள் பத்துப் பேர் பொதுக் கொள்கையில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்தோம். சேர்ந்ததும் ஆராய்ச்சியில் குதிக்கலாம் என்று நினைத்தேன். விட மாட்டார்களாம். முதலில் கோர்ஸ்வொர்க். கொள்கைக் கோட்பாடு, பொருளாதாரம், புள்ளியியல், ஆய்வு முறை என்று நாலு பேப்பர். தேறினால்தான் மேற்கொண்டு பேச்சு. நான் முந்தின வருஷமே சேர்ந்து, ஆய்வு முறையில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறுபடி முதலிலிருந்து வந்து உட்கார்ந்தவன். இன்னொரு தடவை போனால் பதிவு ரத்து. மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் வேலையை வீறாப்பாக விட்டுவிட்டு வந்தவனுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது.

முதல் வகுப்பிலேயே, கொள்கைக் கோட்பாடும் ஆய்வு முறையும் எடுத்த மேடம், “கொள்கை வகுப்பதன் முதல் படி, பிரச்சினையை வரையறுப்பது. உதாரணமாக, நகரத்தில் தண்ணீர்ப் பிரச்சினை” என்று ஆரம்பித்தார். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அறுபதைத் தொடும் ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கரண்டு டெஸ்டர்.

“ஏனுங்க மேடம், யாருக்குங்க?”

“என்ன யாருக்கு?”

“பிரச்சினைங்க. யாருக்குங்க பிரச்சினை?”

“மக்களுக்கு.”

“எந்த மக்களுக்குங்க? தண்ணி லாரி வெச்சிருக்கறவருக்கு, குழாயில தண்ணி வந்தாத்தானுங்களே பிரச்சினை?”

மேடம் கரும்பலகையில் எதையோ எழுதினார். அழித்தார். மணி அடித்துவிட்டது.

மறுநாள் போக்குவரத்து நெரிசல். யாருக்குங்க? அடுத்த வாரம் குப்பை. யாருக்குங்க? பாடப்புத்தகத்தில் கொள்கைக்கு எட்டுப் படி போட்டிருந்தது. மூன்று மாதம் ஆகியும் நாங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். கேன்டீனிலும் விடமாட்டார். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, “இந்த ரசத்துல உப்பே இல்ல” என்று கத்தினேன். “யாருக்குங்க?” என்றார். மேசையில் இருந்த எட்டுப் பேரும் குடித்துப் பார்த்துவிட்டு உப்பு இருக்கிறது என்றார்கள். எனக்குச் சளி பிடித்திருந்தது.

“யோவ், உமக்கு வேற கேள்வியே தெரியாதாய்யா?”

“தெரியாதுங்க தம்பி,” என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். “முப்பது வருசம் கரண்டாபீசுல லைன் இன்ஸ்பெக்டருங்க நானு. கரண்டு போச்சுன்னு போன் வரும். யாருக்குங்க போச்சு, உங்க ஊட்டுக்கு மட்டுங்களா, தெருவுக்கேங்களான்னு மொதல்ல கேக்கோணும். கேக்காம கெளம்புனா பத்துக் கம்பம் ஏறி எறங்கோணும். கடைசீல ஃபியூசு போனது அவிய ஊட்டுக்குள்ளயே இருக்கும்.”

எனக்குப் புரியவில்லை. அந்த செமஸ்டரில் எனக்கு எதுதான் புரிந்தது? ஆன்டாலஜி என்றார்கள், எபிஸ்டெமாலஜி என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதற்கும் ஆட்டினேன்.

இந்தக் கூத்தில் கள ஆய்வு வந்தது. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். மேடம் யார் மேல் இருந்த கோபத்தையோ என் மேல் காட்டி, யாருக்குங்கவோடு என்னைச் சேர்த்துவிட்டார். அன்னூர் போகிற வழியில் ஓர் ஊர். புதிதாக பஸ் ஷெல்டர் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒருத்தரும் நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளி டீக்கடை முன்னால் வெயிலில் நிற்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடித்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் விளக்க வேண்டும். ஆய்வு முறைக்கு அதுதான் மார்க். அதாவது என் தலையெழுத்து.

நான் வினாத்தாள் தயாரித்தேன். ‘ஷெல்டர் உங்களுக்குத் திருப்தியா? படுமோசம் என்றால் ஒன்று, முழுத் திருப்தி என்றால் ஐந்து.’ அவர் வாசித்துவிட்டு, “இதுல ஒண்ணும் வராதுங்க” என்றார். “நீங்க சும்மா வாங்க” என்றேன்.

பூக்கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“ஷெல்டர் எப்படிம்மா?”

“அருமையா கட்டிப்போட்டாங்க சார். அஞ்சே போட்டுக்கங்க.”

“அப்ப ஏன் உள்ள நிக்கல?”

“அட, இருக்கட்டுங்க.”

“என்ன இருக்கட்டும்?”

“இருக்கட்டுங்க சார். வெயில்ல அலையறீங்களே, தண்ணி குடிக்கறீங்களா?”

நாற்பது பேரைக் கேட்டேன். நாற்பது பேரும் ஐந்து. ஒருத்தர், “ஆறு போட முடியாதுங்களா?” என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் அது எதை ஆராயும்? ஊருக்கே முழுத் திருப்தி, உள்ளே ஈ காக்கை கிடையாது. விளக்கவுரைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஹாஸ்டல் வாசற்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்குங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நம்மளத் தேடி வந்து கேக்கறவீங்க மூஞ்சிக்கு நேரா ஆருங்க கொறை சொல்லுவாங்க? மருவாதியா இருக்குங்களா? நீங்க மதுர. உங்களுக்குத் தெரியாதுங்க.”

“இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!”

“சொன்னனுங்களே. ஒண்ணும் வராதுன்னு.”

மறுநாள் மறுபடி போனோம். அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. டீக்கடை முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொதுவாகச் சொன்னார்: “ஷெல்டரு நல்லாத்தானுங்க இருக்குது. ஒருவேளை செரமம்னு இருந்தா, யாருக்குங்க இருக்கும்?”

பூக்கார அம்மா வாயைத் திறந்தார். “எனக்கொண்ணும் இல்லீங்க. இந்தக் காலேஜுப் பிள்ளைகதான் பாவம். வளைவுல கட்டிப்போட்டாங்க. உள்ள உக்காந்தா டிரைவருக்குத் தெரியறதில்ல. பஸ்ஸு நிக்காமப் போயிருதுங்க.”

காலேஜ் பெண் சொன்னாள்: “எங்களுக்கென்னங்ணா, ஓடிப்போய் ஏறிக்குவோம். பூக்கார அக்காதான் பாவம். படி அத்தன ஒசரம், கூடையத் தூக்கிட்டு எப்படி ஏறுவாங்க?”

டீக்கடைக்காரர் டிரைவருக்காக வருத்தப்பட்டார். “வளைவுல பிரேக் அடிச்சா பின்னால வர்ற லாரி மோதிப்போடுமுங்க.” பஸ் வந்தது. டிரைவரிடமே கேட்டோம். “எனக்கென்னுங்க? டீக்கடைக்காரருதான் பாவம். எல்லாரும் அவரு கடைய மறைச்சுட்டு நிக்கறாங்க.”

ஒருத்தருக்கும் சொந்தமாகக் குறை கிடையாது. ஒவ்வொருத்தர் குறையும் பக்கத்து ஆளிடம் பத்திரமாக இருந்தது. வினாத்தாளின் பின்பக்கத்தில் கை வலிக்க எழுதினேன்.

விளக்கவுரையில் தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இது யாருக்குப் பிரச்சினை?” என்றார். மேடம் இருமினார். நான் நான்கு பேரையும் வரிசையாகச் சொன்னேன். தேறிவிட்டேன்.

யாருக்குங்க தேறவில்லை. கொள்கைக் கோட்பாட்டுத் தேர்வில் முதல் கேள்வி, ‘ஒரு பிரச்சினையை வரையறுக்க.’ மூன்று மணி நேரமும் அதற்கே எழுதியிருக்கிறார். மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை. இன்னொரு வாய்ப்பு இருந்தது. “போதுங்க, கேக்க வேண்டியதக் கேட்டுப்போட்டேன்” என்று சொந்த ஊரான பொள்ளாச்சிக்கே போய்விட்டார்.

மிச்சப் பேப்பர்களோடு அடுத்த செமஸ்டர் தொடங்கியது. முதல் வாரத்திலேயே மேடம் பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டார். ஒரு கையும் எழவில்லை. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அந்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, வகுப்பெல்லாம் எப்படிங்க? நான் இல்லாம நிம்மதியா இருக்குதுங்களா?”

திட்டத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

“எனக்கொண்ணும் இல்லீங்க. அந்த ரெண்டாவது பெஞ்சுதான் பாவம்.”