காய் விட்ட தோட்டம்

என் மனைவி என்னோடு காய் விட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டை போட்டால் காய், சமாதானமானால் பழம் என்பார்களே, அதே காய்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. காய் விட்டுவிட்டால் என்னிடம் நேராகப் பேசமாட்டாள். மின்விசிறியிடம் பேசுவாள்.

"சாப்பாடு ஆறுது. வேணும்கிறவங்க வந்து சாப்பிடலாம்" என்பாள், மேலே பார்த்து.

"வேணும்கிறவங்க வந்துட்டே இருக்காங்க" என்பேன் நானும் மேலே பார்த்து. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சண்டை எங்கள் பின்னறையைப் பற்றி. சின்ன அறைதான். ஆனால் அதற்கு ஒரு ஜன்னல் உண்டு. பக்கத்து வீட்டு மரத்தின் நிழல் அந்த ஜன்னல் வழியாக வந்து தரையில் மெல்ல ஆடும். அங்கே என் சாய்வு நாற்காலி கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் சாய்ந்தேன் என்றால், நிழல் ஆடுகிறதா தரை ஆடுகிறதா என்று சந்தேகம் வரும். சந்தேகம் தீர்வதற்குள் கனவு வந்துவிடும்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். பிறர் படுத்துப் பார்ப்பதை நின்றுகொண்டு பார்ப்பது என் உத்தியோகம். "முதுகுக்கு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பேன். சிலர் பதில் சொல்லாமல் தூங்கியே போவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே என் கண் சொக்கும். இப்படிப்பட்டவனுக்கு வாரத்தில் ஒரு மதியம் கனவு காண ஓர் அறை வேண்டாமா?

வேண்டாம் என்பது மனைவி கட்சி. அவள் வீட்டிலிருந்தே திரைச்சீலை, திண்டு உறை எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷின் இருப்பது சாப்பாட்டு மேசையில். என் தட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. எனக்கு வாயில் நூல் வரும், அவளுக்குத் துணியில் குழம்புக் கறை வரும். பின்னறையைத் தையல் அறையாக்கவேண்டும் என்றாள். முடியாது என்றேன். காய் விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து வீடெல்லாம் ஆரஞ்சு நிறத் துணி. நடந்தால் காலில் ஒட்டியது. கடையில் ஒரு வாடிக்கையாளர் படுத்தபடியே என் சட்டைக் காலரிலிருந்து ஆரஞ்சு நூலை எடுத்துக் கொடுத்தார். யாரோ ஆரஞ்சு திரைச்சீலை கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது என் சுபாவம்.

போதாக்குறைக்கு என் தலையணை வேறு நாளுக்கு நாள் இளைத்தது. சுத்தமான இலவம்பஞ்சு. கடையில் நானே பார்த்துப் பொறுக்கியது. மின்விசிறியிடம் முறையிட்டேன்.

"சிலருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. தலகாணி பாவம் என்ன பண்ணும்?" என்று பதில் வந்தது.

இப்படி இருக்கையில் ஒரு காலை என் சாய்வு நாற்காலியின்மேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. பேப்பரோடு வந்திருக்கும். 'பழத்தோட்டத் திருவிழா. ஆரஞ்சுப் பழங்களை நீங்களே பறிக்கலாம். மரநிழலில் இளைப்பாறலாம். கனவு போல் ஒரு நாள்.'

கனவு என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு தோட்டத்துக்குள் போய்விட்டது. கிளை தாழ்ந்த மரங்கள். இலை நடுவே மஞ்சள் வெயில். பழம் பறித்து மனைவி கையில் கொடுக்கிறேன். அவள் முகம் மலர்கிறது. "இனிமே ரூம் உங்களுக்குத்தாங்க" என்கிறாள். திட்டம் கச்சிதமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒரு தோட்டத்துக்குப் போகலாம்னு சிலர் நினைக்கிறாங்க" என்று மின்விசிறியிடம் சொன்னேன்.

"சிலர் கூப்பிட்டா வேற சிலர் வருவாங்க" என்றாள். உடனே ஒத்துக்கொண்டாளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பேருந்து ஜன்னலில் பனி படிந்திருந்தது. வெளியே வயல்கள் தூக்கக் கலக்கத்தில் நகர்ந்தன. பாதி வழியில் அவள் என் பக்கம் திரும்பி நேராகவே பேசினாள். பேருந்தில் மின்விசிறி இல்லை.

"ஏங்க, தீராத சண்டைய இன்னிக்கே தீத்துக்கலாமா?"

"எப்படி?"

"நீங்களே மரத்துல ஏறி ஒரு பழம் பறிச்சு என் கையில கொடுங்க. நானும் பழம் விட்டுடறேன். ரூம் உங்களுக்கு."

"பறிக்கலேன்னா?"

"ரூம் எனக்கு."

"பழத்தோட்டத்துக்குப் போய் ஒரு பழம் கிடைக்காமப் போயிடுமா? அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"நீங்களும்தான்" என்றாள் சாந்தமாக. எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

தோட்டத்து வாசலில் தோரணம் என்ன, பாட்டு என்ன, டிக்கெட் விலை என்ன. உள்ளே போனதும் முதல் மரத்தைப் பார்த்தேன். காய். அடுத்த மரம். காய். பனிக்குள்ளே வரிசை வரிசையாக மரங்கள் நின்றன, அத்தனையிலும் பச்சைப் பசேலென்று காய். தோட்டமே என்னோடு காய் விட்டிருந்தது.

தொப்பி போட்ட பெண் ஒருத்தி விசாரணை மேசையில் இருந்தாள். நான் நேராகப் போனேன். வாரமெல்லாம் வாடிக்கையாளருக்குப் பணிகிறவன். இன்று நான் வாடிக்கையாளன்.

"என்னம்மா, ஒரு பழத்தையும் காணோம்?"

"இன்னும் பழுக்கல சார்."

"அப்புறம் எதுக்குத் திருவிழா?"

"தேதி போன வருஷமே முடிவு பண்ணியாச்சு சார். எல்லாருக்கும் சொல்லியாச்சு. மரத்துக்குத்தான் சொல்ல விட்டுப்போச்சு."

"நீங்களே பறிக்கலாம்னு போட்டிருக்கே?"

"பறிக்கலாம் சார். நாங்க தடுக்கல."

"வாசல்லயே எங்க பர்ஸைப் பறிச்சுட்டீங்களேம்மா."

"சார் நல்லா ஜோக் அடிக்கிறீங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

டிராக்டர் சவாரிக்கு நின்றோம். அது வண்டிகள் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டது. பழச்சாறு குடித்தோம். ஆரஞ்சு நிறத்தில் இனிப்பாகத் தண்ணீர் கொடுத்தார்கள். மரநிழலில் வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை: 'அலங்காரத்துக்கு மட்டும். படுக்காதீர்கள்.' மெத்தைக் கடைக்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா? கட்டிலின் பக்கத்திலேயே புல்லில் படுத்துவிட்டேன்.

புல் குளிர்ச்சியாக இருந்தது. பனி விலகி, இலைகளின் நடுவே வெளிச்சம் சொட்டியது. எங்கோ பாட்டு தூரத்தில் கரைந்தது. என் பின்னறை வந்தது. அதன் தரையில் மரநிழல் ஆடியது. ஜன்னல் வழியாகக் கிளை உள்ளே நீண்டு, அதில் ஒரே ஒரு பழம், உள்ளே விளக்கு வைத்த மாதிரி மின்னியது. கைநீட்டினேன். விழித்துக்கொண்டேன்.

பழம் அங்கேயே இருந்தது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். உச்சிக் கிளையில், இலைக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு பழம். என் அறை எனக்கே.

"ஏணி! ஏணி எங்கே?"

"மெதுவாங்க. அது எங்கேயும் ஓடாது" என்றாள் மனைவி. அவளே ஏணியை எடுத்து வந்து சாய்த்துப் பிடித்தும் கொண்டாள். தோற்கப்போகிறவள் இத்தனை பெருந்தன்மையாக இருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அறையில் அவளும் ஒரு மூலையில் உட்காரலாம் என்று ஏறும்போதே முடிவு செய்தேன்.

கீழே கூட்டம் கூடிவிட்டது. யாரோ கைதட்டினார்கள். எட்டிப் பிடித்தேன். பழம் மெத்தென்று இருந்தது. முறுக்கினேன். வரவில்லை. பலமாக இழுத்தேன்.

"பாத்துங்க" என்றாள் கீழேயிருந்து. "தையல் பிரிஞ்சிடப் போகுது."

ஏணியின் உச்சியில் நின்று அந்த வார்த்தையை யோசித்தேன். தையல்? பழத்தைத் திருப்பினேன். ஆரஞ்சுத் துணி. ஓரத்தில் இரட்டைத் தையல். காம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டன். என் காலரில் ஒட்டியிருந்த அதே நூல். நிமிர்ந்து பார்த்தேன்; பனி விலகின மரங்களின் உச்சியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அதே பழங்கள்.

அதற்குள் தொப்பிக்காரி ஓடிவந்தாள். என்னிடம் இல்லை, என் மனைவியிடம்.

"அக்கா, வந்துட்டீங்களா! எல்லாரும் நிஜம்னு நினைச்சு ஏறிப் பாக்கறாங்க. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். அடுத்த சீசனுக்கு எல்லா மரத்துக்கும் வேணுமாம். செஞ்சு தருவீங்களா?"

"தாராளமா. இடம்தான் கொஞ்சம் நெருக்கடியா இருந்துச்சு" என்ற என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்பத்தான் ஒரு ரூம் கிடைச்சுது."

பழத்தைப் பிய்த்துக்கொண்டு இறங்கினேன். ஏறும்போது இருந்ததைவிட ஏணி நீளமாக இருந்தது.

"இங்க பழமே இல்லேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பழம் இருந்தா துணிப் பழம் எதுக்குங்க கேப்பாங்க?"

"அப்ப அந்த நோட்டீஸ்?"

"நான்தான் நாற்காலியில வெச்சேன். நீங்க வேற எங்கே பாப்பீங்க?"

"இத்தனை பழம் தைச்சிருக்கே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"உங்க தட்டுக்குப் பக்கத்துலதான் தைச்சேன். நீங்க கேக்கல."

கோபம் வரவேண்டும். வரவில்லை. திரும்பும் பேருந்தில் அவள் கை மடியில் கிடந்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தடம். ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்து ஒரு தோட்டத்தையே பழுக்க வைத்திருக்கிறாள். அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. நாற்காலியை இனி எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.

"சரி, பழம்" என்றாள் என் தோளைத் தொட்டு. நானும் பழம் என்றேன். வெளியே வயல்கள் பொன் வெயிலில் மிதந்தன. எனக்குக் கண் சொக்கியது. பேருந்து குலுங்கக் குலுங்க என் தலை ஜன்னலில் மோதிக்கொண்டே வந்தது.

அவள் பைக்குள் கைவிட்டு, நான் பறித்த பழத்தை எடுத்து, என் கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகினாள். மெத்தென்று இருந்தது. எங்கேயோ பழகின மெத்து.

"நல்லா சாஞ்சுக்கங்க" என்றாள் அன்பாக. "உங்க தலகாணிதான்."