பத்துப் பொருத்தமும் பார்த்து வாங்கிய ப்ராசஸர்

"கொர்ர்ர்ர்..."

பக்கத்து வீட்டு மிக்ஸி என்று நினைத்தேன். மிக்ஸி என்றால் சட்னி அரைந்ததும் நிற்கும். இது நிற்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய லேப்டாப், ஒரே ஒரு பிளவுஸ் டிசைனைத் திறக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் நைட் ஷிஃப்ட் ஜெனரேட்டர் ஆபரேட்டர். பகலில் தூங்கினால்தான் ராத்திரி முழித்திருக்க முடியும். ஜீவனஹள்ளியில் எங்களுக்கு ஒரே அறை. மனைவி தமயந்தியின் தையல் மெஷின் எனக்குத் தாலாட்டு. லேப்டாப் அப்படியில்லை. விளைவு, போன வாரம் ஓடுகிற ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே குறட்டை விட்டேன். "இன்னொரு தபா பார்த்தேன்னா வேலை கிடையாது" என்றுவிட்டார் சூப்பர்வைசர் கிஷோர்.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாங்க," என்றாள் தமயந்தி. "இதையெல்லாம் உங்களால திறக்க முடியாது."

முடியாதா? டீசல் இன்ஜினையே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான்!

"புதுசெல்லாம் வேணாம். மூளையை மாத்தப்போறேன்."

"யாரோடதை?"

"லேப்டாப்போடதை! ப்ராசஸர்னு பேரு."

அன்றிலிருந்து ஆராய்ச்சி. பிளவுஸுக்கு ஹூக் தைப்பது வீட்டில் என்னுடைய பகுதிநேர உத்தியோகம். அதற்கு நானே லீவு விட்டுக்கொண்டேன்.

"கண்டதையும் போட முடியாது தமயந்தி. பத்துப் பொருத்தம் பார்க்கணும். சாக்கெட் ஒண்ணா இருக்கணும். தலைமுறை ஒத்துவரணும். முப்பத்தஞ்சு வாட்டுக்கு மேல போனா சூடு தாங்காது. எல்லாம் அமைஞ்சாலும், உள்ளே பயாஸ்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அது ஏத்துக்கலைன்னா குடும்பமே நடக்காது."

"மாமியாரா?"

"அதேதான்."

"ம்ம். ஹூக்கெல்லாம் அப்படியே கிடக்கு."

லேப்டாப்பின் மாடல் நம்பரைக் கொடுத்ததும் போன் எல்லாவற்றையும் சொன்னது. பொருத்தம் பத்துக்குப் பத்து. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன்.

"ஓப்பன் மாடி நோடிதிரா சார்?" என்றார் கடைக்காரர் கன்னடத்தில். திறந்து பார்த்தீர்களா என்று என்னிடமே கேள்வி! மாடல் நம்பரே போதும் என்றேன். "வாபஸ் இல்லா" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

மத்தியானம். தரையில் பழைய வேட்டி. அதன்மேல் லேப்டாப். திருகுகளை டம்ளரில் போட்டுவிட்டு மூடியைக் கழற்றினேன். சூட்டைத் தணிக்கிற விசிறியைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல்பிசிறு, ஒரு குட்டித் தலையணை அளவுக்கு.

அதை விடுங்கள். ப்ராசஸரைத் தேடினேன். கிடைத்தது. நெம்பினேன். அசையவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். மறுபடி போனைக் கேட்டேன். அதே மாடல் நம்பரில் இரண்டு ரகம் உண்டாம். கழற்றி மாட்டுகிற ரகம் ஒன்று, பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிய ரகம் ஒன்று. எங்கள் வீட்டில் வாழ்ந்தது இரண்டாவது.

ஜாதகம் பார்த்தேன். பெண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. பிரிக்கவும் வழியில்லை.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நகருங்க."

தையல் மெஷினைத் துடைக்கிற சின்ன பிரஷ்ஷை எடுத்துவந்தாள். பிசிறை உருவினாள், தட்டினாள், வாயால் ஊதினாள். "மூடுங்க" என்றாள். மூடினேன். சுவிட்சைப் போட்டாள்.

சத்தமே இல்லை. டிசைன் டக்கென்று திறந்தது.

"இதுக்குள்ள தூசி தட்டித் தாங்கன்னு தீபாவளியிலேர்ந்து கேட்டேன். காதுலயே வாங்கிக்கல. உங்களால திறக்க முடியாதுன்னு ஒரே ஒரு தபாதான் சொன்னேன், திறந்துட்டீங்க."

"அப்போ புதுசு வாங்கலாம்னது?"

"யாருக்கு வேணும் புதுசு? தூக்கமில்லாம உங்க வேலை போயிடுமோன்னு எனக்கும் பயமா இருக்காதா?"

என் ப்ராசஸரை எடுத்துப் பட்டன் டப்பாவில் போட்டாள். பாயை விரித்தாள். தலையணையைத் தட்டிவைத்தாள். கண்கள் தாமாகவே சொக்கின.

"இனிமே நிம்மதியா தூங்கலாம்."

"தூங்கட்டுமா?"

"தாராளமா. ஹூக்கை முடிச்சுட்டு."

ஊசியை எடுத்து நூல் கோத்தேன்.